ஒக்டோபர் பக்கத்து ஏரி

லண்டன் மோர்டனில் எங்கள் ஆட்கள் நடத்தும் புகைப்படக் கழகத்தில் நானும் ஓர் உறுப்பினன். போன இலையுதிர்காலத்தில் கழகம் ஒரு கண்காட்சி வைத்தது. மலை, மரம், ஏரி மட்டும். விதிகள் இரண்டு: கணினியால் செய்த படம் கூடாது, படத்துக்காகக் கையால் எதையும் கொண்டுபோய் வைக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டு நானும் ஒரு படம் கொடுத்தேன். நான்காம் நாள் மின்னஞ்சல் வந்தது.

"தங்கள் படம் கணினியினால் உருவாக்கப்பட்டதாகக் கருதப்படுவதால் ஏற்றுக்கொள்ள முடியாதுள்ளது. ஏரியில் தெரியும் விம்பம் இயற்கையில் காணமுடியாத அளவுக்கு நேர்த்தியாக உள்ளது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி."

ஆர்வமாம். இருபத்தாறு வருடம் ஏரியில் மலை விழுவதைப் படம் எடுத்துச் சம்பளம் வாங்கியவனுக்கு ஆர்வம் இருக்கிறதாம். இயற்கையில் எவ்வளவு காணலாம் என்று இவர்கள் எப்போது போய்ப் பார்த்தார்கள்? குசினிக்குள் நின்று அந்த மின்னஞ்சலை மூன்று தரம் வாசித்தேன். என் மனைவி மலர் அடுப்பைக் குறைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னப்பா, ஆரும் செத்துப்போச்சினமோ?"

"என்ரை படம் பொய்யாம்."

"எந்தப் படம்?"

நான் சுவரைக் காட்டினேன். எங்கள் குசினிச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குவது ஒரே ஒரு படம்தான். ஒரு பழைய நாட்காட்டியின் ஒக்டோபர் பக்கம். அதன் மூலப்படத்தில் இருந்துதான் கண்காட்சிக்குப் பெரிதாக்கிக் கொடுத்திருந்தேன்.

"உதையோ? உதுக்குப் போய்த்தானே காய்ச்சலோடை வந்து ஒரு கிழமை படுத்தனீங்கள்! உவை ஆர் பொய் எண்டு சொல்ல?" என்றாள். அவளுக்கு என்னைவிடக் கோபம் வந்துவிட்டது.

கழகச் செயலாளர் குகன், கணினி வேலை செய்பவர், கழகத்தின் ஆண்டிதழுக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இளையவர்களுக்குப் பயன்படும் என்பார். நான் பிறகு, பிறகு என்று தட்டிக் கழித்தேன். இப்போது எழுதுகிறேன். இளையவர்களுக்குப் பயன்படுமோ தெரியாது, என் படத்தைத் தள்ளிய கண்காட்சிக் குழுவுக்கு நிச்சயம் பயன்படும்.

எண்பதுகளில் அகதியாக வந்து இறங்கியவன் நான். ஹவுன்ஸ்லோவில் படச்சுருள் கழுவும் லாப் ஒன்றில் வேலை கிடைத்தது. ஐந்து வருடம் அடுத்தவர்களின் பிறந்தநாளையும் கடற்கரையையும் கழுவினேன். லாப்புக்கு மேல்மாடியில் நாட்காட்டிக் கம்பனி ஒன்றின் பட அலுவலகம் இருந்தது. அங்கே கமராப் பெட்டி தூக்க ஆள் தேவைப்பட்டது. ஏறிப்போனேன். மூன்று வருடம் பெட்டியைத் தந்தார்கள், பிறகு கமராவைத் தந்தார்கள். என் பயிற்சி அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் இந்த நாட்டில் குசினிக்குக் குசினி நாட்காட்டி தொங்கும். பன்னிரண்டு பக்கங்களில் ஒக்டோபர்தான் ராசா. மலைச்சரிவு முழுவதும் சிவந்து, கரையில் மரங்கள் மஞ்சளாகி, அத்தனையும் ஏரியில் தலைகீழாகக் கிடக்க வேண்டும். சனம் அந்தப் பக்கத்தைக் கடையில் புரட்டிப் பார்த்துத்தான் நாட்காட்டியை வாங்கும். ஒக்டோபர் பக்கம் யாருடையதோ அவன்தான் அலுவலகத்தில் பெரிய ஆள்.

எங்கள் பட ஆசிரியர் மிஸ்டர் டாசன். மெலிந்த மனிதர். முழங்கையில் தோல் ஒட்டுப்போட்ட ஒரே கம்பளிச் சட்டை. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நல்லது என்று சொல்லியும் கேட்டதில்லை. அவர் அறையில் ஜன்னலோரம் ஒரு மேசை, அதன் மேற்பலகை வெள்ளைக் கண்ணாடி, கீழே வெளிச்சம். நாங்கள் கொண்டுவரும் ஸ்லைடுகளை, அதாவது தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய, கடதாசிச் சட்டத்துக்குள் இருக்கும் நிறப் படச்சுருள் துண்டுகளை, அதன்மேல் வரிசையாக அடுக்குவார். உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிறகு ஸ்லைடைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு தரம் பார்ப்பார். அந்த இரண்டாம் பார்வைக்குத்தான் நாங்கள் பயப்படுவோம்.

"தண்ணீர் எங்கே?" என்று கேட்பார்.

அவருடைய கேள்வியில் நியாயம் இருந்தது. காற்றே இல்லாத ஏரியில் மலை விழுந்தால் இரண்டு மலை தெரியும். தலைகீழாகத் திருப்பினாலும் அதே இரண்டு மலைதான். எது மலை, எது தண்ணீர் என்று பார்க்கிறவனுக்குத் தெரியாவிட்டால் அது படமில்லை, சேலைக்கரை என்பது அவர் கட்சி. (சேலைக்கரை என்பது என்னுடைய சொல், அவர் சுவர்க் கடதாசி என்றார்.) ஆகவே எங்கேயாவது தண்ணீர் தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஒரு நாணல், ஒரு வாத்து நீந்திய கோடு, ஒரு சருகு. அது இல்லாத ஸ்லைட் மேசையின் இடப்பக்கம் போகும். இடப்பக்கத்தில் குப்பைக்கூடை இருந்தது.

"அதை ஏரிதான் தரவேண்டும். நீங்கள் கொடுக்கக் கூடாது," என்பது அவருடைய அடுத்த சட்டம்.

நான் சேர்ந்த காலத்தில் ஒக்டோபர் பக்கம் கீத் என்பவனுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவன், வாய் நிறையப் பகிடி. ஒரு வருடம் அவன் கொண்டுவந்த படத்தில் ஏரியின் நடுவே அழகான வளையங்கள். ஒரே இடத்தில் எடுத்த ஐந்து ஸ்லைடுகளை டாசன் மேசையில் பரப்பினார். நேராகப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன, கீத்?"

"மீன்."

"முதல் படத்தில் முகில் மலைக்கு இடப்பக்கம் நிற்கிறது. கடைசிப் படத்தில் வலப்பக்கம் போய்விட்டது. இவ்வளவு நேரமும் உன் மீன் அதே இடத்தில்தான் எழும்பியிருக்கிறது. நல்ல பழக்கமுள்ள மீன்."

கீத் சிரித்துப் பார்த்தான். டாசன் சிரிக்கவில்லை. கடைசியில், சின்னக் கல்தான், என்று ஒத்துக்கொண்டான். அந்தக் கிழமையே வேலை போயிற்று. "கல்லுக்காக இல்லை. மீன் என்று சொன்னதற்காக," என்றார் டாசன், நாளைக்கு மழை வரும் என்பதுபோல. கீத்தின் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பு வரைக்கும் நான்தான் போனேன். "இனி ஒக்டோபர் உன்னுடையது. கவனம், அந்த ஆளுக்கு ஏரியைவிட உன் முகத்தைப் பார்க்கத் தெரியும்," என்றான்.

அடுத்த ஒக்டோபரில் என்னை வடக்கே, ஏரிகள் நிறைந்த மலைப்பக்கம் அனுப்பினார்கள். ஏரியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் வருகிற சனிக்கிழமை எங்கள் கழகம் முழுவதும் கைத்தொலைபேசியோடு கரையில் வரிசையில் நிற்கும், ஆளுக்கு ஒரு படம் எடுத்துவிட்டுத் தேநீர்க் கடை எங்கே என்று கேட்கும்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்பதைக் குழு தெரிந்துகொள்ளட்டும். வெயில் மலையுச்சியில் படும் முன் கரைக்குப் போய்விட வேண்டும். கமராவைத் தாங்கும் ட்ரைபொட்டின் மூன்று காலும் கரைக்கல்லில் அழுந்தி நிற்க வேண்டும். ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்தாலும் அலை போய் மலையைக் கலைத்துவிடும். சப்பாத்தையும் நனைக்கக் கூடாது. லென்சுக்கு முன்னால் மேற்பாதி மங்கலாகவும் கீழ்ப்பாதி தெளிவாகவும் உள்ள கண்ணாடி ஒன்றைச் செருகுவோம். ஏனென்றால் தண்ணீர் வெளிச்சத்தில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். ஏரியில் தெரியும் மலை உண்மை மலையைவிட எப்போதும் ஒரு படி மங்கல், அந்தக் கண்ணாடி போட்டாலும் படத்தில் கொஞ்சம் மங்கலாகத்தான் விழும். குட்மேய்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைச் சுவர் முழுக்க மலையும் ஏரியும் ஒட்டியிருக்கிறார்கள். அதில் மலையைவிடத் தண்ணீர் வெளிச்சமாக இருக்கிறது. கொத்துரொட்டி தொண்டைக்குள் இறங்காமல் எழும்பி வந்தேன். முதலாளியிடம் சொன்னேன். "வடிவாத்தானே அண்ணை கிடக்குது," என்றார். இப்படிப்பட்ட ஏரிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு என்னுடைய ஏரி பொய்யாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்?

முதல் நாள் காலை முழுவதும் புகார், பனிமூட்டத்தில் மலையே தெரியவில்லை. இரண்டாம் நாள் காற்று. மூன்றாம் நாள் மழை, அன்று மாலை காய்ச்சல் தொடங்கியது. நான்காம் நாள் மறுபடி காற்று. அச்சகத்துக்குப் படம் போகவேண்டிய கடைசி நாள் நெருங்கிவிட்டது. ஐந்தாம் நாள் போனபோது ஏரி அசையவில்லை. வெயில் உச்சியில் பட்டு, சரிவில் இறங்கி, செடியெல்லாம் பழுக்கக் காய்ச்சிய இரும்பு நிறமாகியது. பழைய மரத் தோணித்துறை ஒன்று கரையில் இருந்து ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் தண்ணீரில் அப்படியே கிடந்தன. நான் கமராவுக்குள் பார்த்தேன். இரண்டு மலை. இரண்டு துறை. அவ்வளவு நேர்த்தி.

தண்ணீர் எங்கே?

ஒரு சருகு விழட்டும் என்று காத்திருந்தேன். கரையில் நின்ற மரங்கள் பேர்ச்சும் லார்ச்சும்தான். லார்ச்சின் இலை ஊசி, விழுந்தாலும் தெரியாது. பேர்ச் அன்றைக்கு ஒரு இலைகூடத் தர மறுத்தது. மேற்கே முகில் வந்துகொண்டிருந்தது. காய்ச்சலோடு இனி நிற்க ஏலாது. முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொள்ள, ஹவுன்ஸ்லோவில் அலுவலக வாசலில் ஈரத்தோடு மடித்துவைத்த பிளாஸ்ரிக் விரிப்பை எடுத்து உதறினேன். மடிப்புக்குள் ஒட்டியிருந்த ஒரு மஞ்சள் இலை கல்லில் விழுந்தது. உள்ளங்கை அளவு, ஐந்து முனை.

அதை எடுத்தேன். குனிந்து தண்ணீரில் வைத்தேன். வட்டம் ஒன்று விரிந்து போய் அடங்கியது. மூன்று படம் எடுத்தேன். பிறகு காற்று வந்து மலை உடைந்துபோயிற்று.

இதை நான் நெடுங்காலம் ஒருவருக்கும் சொல்லவில்லை. மலருக்கும் சொல்லவில்லை.

ஹவுன்ஸ்லோவுக்கு வந்து ஸ்லைடை மேசையில் வைத்தேன். டாசன் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "இலை," என்றார்.

"ஆம்."

"அது அங்கே இருந்ததா?"

"படம் எடுத்தபோது அங்கேதான் இருந்தது," என்றேன். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பதில். ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை. பிறகு ஸ்லைடை வலப்பக்கம் வைத்தார். "தண்ணீர் இருக்கிறது," என்றார். அவர் என்னிடம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். அதன்பிறகு நான் ஓய்வு பெறும்வரை ஒக்டோபர் என்னுடையதாக இருந்தது. வேறு எதையும் நான் எந்த ஏரியிலும் வைக்கவில்லை. இதையும் குழு குறித்துக்கொள்ளட்டும்.

அந்த மின்னஞ்சல் வந்த அன்றே குகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. ஒரு மென்பொருளிலை போட்டுப் பாத்தனாங்கள். அது செயற்கை எண்டு சொல்லுது. நீங்கள் ஒரிஜினல் ஃபைலை அனுப்புங்கோவன்."

"ஃபைல் இல்லைத் தம்பி. ஃபில்ம்."

"அப்ப எந்த ஃபோனிலை எடுத்தனீங்கள்?"

நான் தொலைபேசியை மலரிடம் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். அவள்தான் கதைத்து, சனிக்கிழமை பின்னேரம் குழு கூடும்போது நான் மூலப்படத்தோடு வருவேன் என்று சொல்லி வைத்தாள். கோபத்தில் அந்த இலையை மறந்துபோனேன் என்று சொன்னால் அது பொய். நினைவிருந்தது. ஆனால் அவர்கள் சொன்ன குற்றம் வேறு, அதற்கு நான் சுத்தம் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டு போனேன்.

தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் ஆறு பேர் இருந்தார்கள். வெளிச்சப் பெட்டியை மேசையில் வைத்து, ஸ்லைடை அதன்மேல் வைத்து, என் உருப்பெருக்கியைக் கொடுத்தேன்.

"தோணித்துறையைப் பாருங்கோ. மேலை பலகையின்ரை முதுகு தெரியுது. தண்ணியிலை என்ன தெரியுது?"

குகன் குனிந்து பார்த்தார். "அடிப்பக்கம் தெரியுது. குறுக்குச் சட்டம் எல்லாம் தெரியுது அண்ணை."

"ஏரி கீழையிருந்துதான் பாக்கும். படத்தை வெட்டித் தலைகீழா ஒட்டினால் முதுகுதான் திரும்பவும் வரும். உங்கடை மென்பொருளுக்கு உது தெரியுமோ? விம்பம் மலையைவிட மங்கலாக் கிடக்குதோ இல்லையோ, அதையும் பாருங்கோ. அஞ்சு நாள், தம்பி. காய்ச்சலோடை அஞ்சு நாள்!"

சத்தம் போட்டுவிட்டேன். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். குகன் நிமிர்ந்து என் கையைப் பிடித்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. பிழை எங்களிலை. படத்தை வாசலிலையே தொங்கவிடுவம்."

யாரோ கைதட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, மறைப்பானேன்.

எல்லோரும் தேநீருக்கு எழும்பிய பிறகும் ஒருத்தி மட்டும் உருப்பெருக்கியைக் கண்ணில் இருந்து எடுக்கவில்லை. சுபா. நாற்பது வயது இருக்கும். கவுன்சிலில் தெருமரங்களைப் பார்க்கும் பகுதியில் வேலை. மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணை, உந்தக் கரையிலை என்ன மரம் நிண்டது?"

"பேர்ச். லார்ச்."

"உது பிளேன் மரத்து இலை. லண்டன் தெருவெல்லாம் நிக்கிறது. ஒக்டோபர் முழுக்க நான் ஆள் வைச்சுக் கூட்டிவிக்கிற இலை. அந்த மலைக்கரையிலை உது வர வழியில்லை." பிறகு சிரித்தாள். "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நல்ல படம். தொங்கட்டும்."

தொங்கட்டும். அந்தச் சொல்லோடு எனக்கு டாசனின் அறை முழுவதாக முன்னால் வந்து நின்றது. அலுவலக வாசலில் ஒரு பெரிய மரம் நின்றது. அதன் கிளை அவர் ஜன்னல்வரை வரும். ஒக்டோபர் மழைக்கு ஐந்து முனை மஞ்சள் இலைகள் அந்தக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அன்றைக்கும் கிடந்தன. இலை அங்கே இருந்ததா என்று கேட்டுவிட்டு அவர் பார்த்தது மழையை அல்ல.

அவருக்குத் தெரியும். இத்தனை வருடமாக ஒரு கெட்டிக்கார மனிதரை ஏமாற்றினேன் என்று ஒரு பக்கம் வெட்கமும் ஒரு பக்கம் இரகசியப் பெருமையுமாக இருந்தேன். இரண்டுக்கும் எனக்கு உரிமை இல்லை. கீத்தை மீனுக்காக வெளியே அனுப்பியவர் என்னை இலையோடு விட்டுவிட்டார். ஒருவனை அனுப்பி ஒரு வருடம்தான், இன்னொருவனையும் அனுப்ப ஏலாது, அச்சகம் காத்திருக்கிறது, இப்படி ஏதாவது நினைத்திருப்பார். இரண்டாம் தரம் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கேட்கவில்லையே! அந்த மனிதர்மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. அவர் இறந்து பல வருடம். நான் யாரோடு போய்ச் சண்டை பிடிக்க?

"பிள்ளை, தயவுசெய்து என்னைச் சும்மா விடாதேங்கோ. ஒருதரம் விட்டது காணும்," என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. நான் எழும்பிப் போய்த் தேநீர் மேசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். இலை, விரிப்பு, டாசன், கீத், எல்லாவற்றையும் சொன்னேன்.

குகனின் கையில் பிஸ்கற் அப்படியே நின்றது. "அண்ணை, ஒரு இலைதானே!"

"கீத்துக்கும் ஒரு கல்லுத்தானே."

"சரி, அப்ப படத்தை எடுத்துப்போட்டால் அலுவல் முடிஞ்சுது. வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை."

"முடியேல்லை. நீங்கள் அனுப்பின கடிதம் பிழை. அதைத் திருத்தி அனுப்புங்கோ. கணினி செய்ததெண்டு எழுதியிருக்கிறியள். கணினி செய்யேல்லை, நான் செய்தனான். அப்பிடி எழுதி நிராகரியுங்கோ."

"இப்பிடியும் ஒருத்தர் கேப்பாரோ?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். கேட்டேன். எழுதித் தரும்வரை போகமாட்டேன் என்று கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். குகன் பெருமூச்சு விட்டுக் கணினியைத் திறந்தார்.

அந்தக் கடிதம் இப்போது எங்கள் குசினிச் சுவரில், ஒக்டோபர் பக்கத்துக்குக் கீழே இருக்கிறது. "மலையும் ஏரியும் விம்பமும் உண்மையானவை. இலை படப்பிடிப்பாளரின் கையால் வைக்கப்பட்டது. ஆகவே படம் நிராகரிக்கப்படுகிறது." மலர் அதை வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அந்தக் காய்ச்சல் எண்டாலும் உண்மைதானே?" என்று கேட்டாள்.

கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று சுவருக்கு. மற்றது கீத்துக்கு. அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது, உயிரோடு இருக்கிறானோ அதுவும் தெரியாது. உறைக்குள் போட்டு, பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.